பெயர் சொல்லும் கல்

கத்திப்பாராவிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் நந்தம்பாக்கம் டிரேட் சென்டரை எல்லோருக்கும் தெரியும். சோபா செட் கண்காட்சி, புத்தக விற்பனை, தொழில் மாநாடு என்று ஏதாவது ஒரு சாக்கில் அங்கே கால் வைக்காத குடும்பம் சென்னையில் குறைவு. அதே சாலையில் இருக்கும் வார் செமட்ரியைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். இறங்கிப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நானும் இருபது வருடம் ஜன்னல் கேஸ்தான். ஒரு நாள் வண்டி பஞ்சராகி அங்கே நின்றதால் உள்ளே போனேன்.

உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது புல். சென்னை வெயிலில் புல் இந்தப் பச்சையில் இருப்பதே ஒரு அதிசயம். அதன் மேல் நூல் பிடித்தாற்போல வரிசை வரிசையாக நடுகற்கள். ஒவ்வொரு கல்லின் அடியிலும் சிறு செடிகள். உயரத்தில் ஒரு கற்சிலுவை, அதன் முகத்தில் தலைகீழாகப் பதித்த வெண்கல வாள். ஒரு தோட்டக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கல்லுக்கும் புல்லுக்கும் நடுவே விரலளவு இடைவெளி விட்டு ஓரம் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு கல்லை முடித்துவிட்டு அடுத்த கல்லுக்கு உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறந்த 850-க்கும் மேற்பட்ட படைவீரர்கள் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். வரிசை முடிகிற இடத்தில் மறுபடி தொடங்கும் வேலை அது.

கல்லருகே குனிந்தால்தான் விஷயம் புரிகிறது. மேலே படைப்பிரிவின் சின்னம். அதன் கீழே எண், பதவி, பெயர், பிரிவு, இறந்த தேதி, வயது. நடுவில் சிலுவை. அதற்கும் கீழே, தரையை ஒட்டி, சில கற்களில் மட்டும் ஒரு வரி. அது குடும்பம் எழுதிக் கொடுத்தது. வயதைப் படித்துக்கொண்டே நடந்தால் இருபதுகளைத் தாண்டுவதே அபூர்வம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்ஜினீயரிங் முடித்து வேலைக்கு அலைகிற வயது.

அந்த ஒரு வரிக்குப் பெரிய கதை இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு படிவம் போனது. மகனின் கல்லில் ஏதாவது எழுத வேண்டுமானால் 66 எழுத்துக்குள் எழுதித் தாருங்கள். சொல்லுக்குச் சொல் விடும் இடைவெளியும் கணக்கில் சேரும். எழுத்துக்கு மூன்றரைப் பென்னி. தந்தி அடிப்பதுபோல எண்ணி எண்ணி எழுத வேண்டியிருந்தது. ஏழைத் தாய்மார்கள் காசுக்காக வரியைச் சுருக்குகிறார்கள் என்று எதிர்ப்பு வந்த பிறகு, தருவதைத் தாருங்கள் என்று அந்தக் கட்டணத்தை மாற்றினார்கள். நியூசிலாந்து அரசு அந்த வரியே வேண்டாம் என்றது. காசு உள்ளவனுக்கு ஒரு வரி, இல்லாதவனுக்கு வெறுங்கல் என்பது நியாயமில்லை என்பது அவர்கள் கட்சி. எனக்கு நியூசிலாந்துக்காரர்கள் சொன்னது சரி என்று தோன்றுகிறது. ஆனால் நந்தம்பாக்கத்தில் நின்று அந்தக் கடைசி வரிகளைப் படித்தபோது, வரி இருக்கும் கல்லின் முன்தான் கால் தானாக நின்றது.

போரில் செத்த சாதாரணச் சிப்பாய்க்குத் தனிக் கல், அதில் அவன் பெயர் என்பது ஐரோப்பாவுக்கே புது வழக்கம்தான். அதற்கு முன் தளபதிக்குச் சிலை, சிப்பாய்க்குப் பொதுக் குழி. அதை மாற்றியவர் ஃபேபியன் வேர். வயது அதிகம் என்று படையில் எடுக்காததால் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் பிரிவோடு 1914-ல் பிரான்சுக்குப் போனவர். அங்கே அவசர அவசரமாகப் புதைத்துவிட்டுப் போகும் குழிகளைப் பார்த்து, யார் எங்கே என்று குறித்துவைக்கத் தொடங்கினார். அந்தக் குறிப்பேடுதான் வளர்ந்து 1917 மே மாதம் அரச சாசனத்தோடு இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையம் ஆனது. இன்று அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். 150-க்கும் மேற்பட்ட நாடுகளில், சுமார் 23,000 இடங்களில், 17 லட்சம் பேரின் நினைவை அது காக்கிறது. இந்தியாவும் அதில் ஒரு உறுப்பு நாடு. செலவில் ஒரு சிறு பங்கு நம்முடையது.

ஆணையம் ஆரம்பத்திலேயே சில விதிகளைப் போட்டது. ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. கல் நிரந்தரம். எல்லாக் கல்லும் ஒரே அளவு. அதிகாரி, சிப்பாய், இனம், மதம் என்று வேற்றுமை கிடையாது. உடலை ஊருக்கு எடுத்துப்போகவும் கூடாது. இந்தக் கடைசி விதிக்குப் பின்னால் ஒரு பணக்கார வீட்டுச் சாவு இருக்கிறது. பிரிட்டனின் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன் 1915 ஏப்ரலில் பிரான்சில் இறந்தார். குடும்பத்துக்குச் செல்வாக்கு இருந்ததால் உடல் வீட்டுக்கு வந்தது. பக்கத்துக் குழியில் கிடந்த கூலிக்காரன் மகனுக்கு அந்தச் செல்வாக்கு இல்லை. அதற்குப் பிறகு யாருக்குமே அனுமதி இல்லை என்று கதவை அடைத்தார்கள். இறந்த மண்ணிலேயே எல்லோரும் கிடக்கட்டும் என்று ஆனது. அதனால்தான் எங்கோ பிறந்த ஒருவன் நந்தம்பாக்கத்தில் கிடக்கிறான்.

போரே நடக்காத ஊரில்

இங்கே வருகிற எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும். சென்னையில் எங்கே போர் நடந்தது? 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அந்தக் கப்பல் போய்விட்டது, சொல் தங்கிவிட்டது. கெட்டிக்காரப் பயலை இன்றும் எம்டன் என்கிறோம். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று துறைமுகப் பக்கம் குண்டு போட்டது. சென்னை மேல் விழுந்த அடி என்று சொன்னால் இவ்வளவுதான். அப்படியானால் இத்தனை பேர் எப்படிச் செத்தார்கள்?

காய்ச்சலில் செத்தார்கள். லாரி கவிழ்ந்து செத்தார்கள். பயிற்சி விமானம் விழுந்து செத்தார்கள். கடலில் குளிக்கப் போய்ச் செத்தார்கள். பர்மாவில் காயம்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து தேறாமல் போனவர்கள் உண்டு. இரண்டாம் போரில் தென்னிந்தியா முழுக்க ஒரு பெரிய பாசறை. விமானத் தளங்கள், பயிற்சி முகாம்கள், ராணுவ மருத்துவமனைகள். பர்மா முனையிலிருந்து திரும்பிய மேற்கு ஆப்பிரிக்கப் படையினர் ஊருக்குக் கப்பல் வருமென்று மதராஸ் பக்கம் காத்துக்கிடந்தார்கள். ஆணையத்தின் கணக்கில் 1939 செப்டம்பர் 3-லிருந்து 1947 டிசம்பர் 31 வரை படைப் பணியில் இருந்தபோது இறந்த எவருக்கும் கல் உண்டு. குண்டுபட்டானா, மலேரியாவா என்று கேட்பதில்லை. போர் ஓய்ந்து வீட்டுக்குப் போகிற கப்பலுக்குக் காத்திருந்தவன் செத்தாலும் அவன் போரில் செத்தவன்தான். இந்தக் கணக்கில் ஒரு மனிதத்தன்மை இருப்பதாக எனக்குப் படுகிறது.

இவர்கள் எல்லோரும் முதலில் இங்கே புதைக்கப்பட்டவர்களும் இல்லை. தெற்கிலும் கிழக்கிலும் எத்தனையோ கன்டோன்மென்ட் ஊர்களில், சர்ச் தோட்டங்களில், நகராட்சி இடுகாடுகளில் சிதறிக் கிடந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த இடங்களை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. என்றென்றைக்கும் பராமரிக்க முடியாது என்று தெரிந்த இடங்களிலிருந்து தோண்டி எடுத்து ஒரே இடத்தில் சேர்ப்பதற்காக 1952-ல் இந்தத் தோட்டத்தை அமைத்தார்கள். செத்த பிறகும் இன்னொரு பயணம், இன்னொரு முகாம்.

பின்புறம் இன்னொரு நினைவிடம் இருக்கிறது. அங்கே குழிகள் இல்லை, பெயர்கள் மட்டும். 1914-18 போரில் இறந்து, இந்தியாவின் பல மூலைகளில் புதைக்கப்பட்டு, இன்று கல்லறையைக் காப்பாற்ற வழியில்லாமல் போன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். எலும்பு எங்கோ கிடக்கிறது. பெயருக்கு நந்தம்பாக்கத்தில் ஒரு முகவரி கிடைத்திருக்கிறது.

அந்தப் பெயர்களைப் படிக்கப் படிக்க ஒன்று உறுத்தியது. கண்ணில் பட்டவை பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்கள். இந்த மாகாணத்திலிருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத முனுசாமியும் சின்னசாமியும் அந்தோணியும் அப்துல் காதரும் எங்கே?

நாய்க்கும் பெயர் வெட்டிய ஊர்

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாகவே வலிக்க வேண்டும். போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டு, அதில் பெயர் வெட்டுவது நமக்குப் புதிதில்லை. தொல்காப்பியம் அந்தச் சடங்கையே படிப்படியாகப் பிரித்துச் சொல்கிறது: கல்லைத் தேடிக் காண்பது, அதை எடுத்துவருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்துடையவை, கிறிஸ்துவுக்கு முற்பட்டவை. அதில் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் இறந்தவனுக்கானது. அவன் அரசன் இல்லை. மாடு கவரும் சண்டையில் செத்த ஒரு ஊர்க்காரன். ஆனாலும் கல்லில் அவன் பெயர் இருக்கிறது.

செங்கம் பக்கம் எடுத்தனூர் என்ற ஊரில் இருக்கும் கல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்டது. வீரன் ஒருவன் வில்லோடு நிற்கிறான், பின்னால் ஒரு நாய். அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்து எதிர்த்து நின்றதைக் கல் சொல்கிறது. நாயின் பெயரையும் சொல்கிறது: கோவிவன். 1,400 ஆண்டு கழித்தும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரியும்.

இப்போது பாஸ்ராவுக்குப் போவோம். முதல் போரில் இந்தியப் படை அதிகம் செத்தது இராக்கில், அன்றைய மெசபொடேமியாவில். அங்கே உடல் கிடைக்காதவர்களுக்காக ஆணையம் எழுப்பிய பாஸ்ரா நினைவிடம் 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கானது. பிரிட்டிஷ் சிப்பாய் என்றால், கடைநிலைக்காரனுக்கும் சுவரில் பெயர் வெட்டினார்கள். இந்திய அதிகாரிகளுக்கும் வெட்டினார்கள். இந்தியச் சிப்பாய் முறை வந்தபோது படைப்பிரிவின் பெயரைப் போட்டு, கீழே மேலும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள் என்று ஒரு எண்ணைப் போட்டு முடித்துவிட்டார்கள். பெயர்கள் அச்சிட்ட பதிவேட்டில் இருந்தன, கல்லில் ஏறவில்லை. இனம், மதம் பார்க்க மாட்டோம் என்று விதி எழுதிய அதே ஆணையம்தான் இதைச் செய்தது. அந்த நினைவிடத்தையும் 1997-ல் சதாம் உசேன் ஆணையின்பேரில் பெயர்த்தெடுத்து நாசிரியா சாலையில் பாலைவனத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்.

இங்கிலாந்தில் பிரைட்டன் நகருக்கு வெளியே குன்றின் மேல் வெள்ளைப் பளிங்கில் ஒரு சத்திரி இருக்கிறது. 1914-15-ல் அந்த ஊர் மருத்துவமனைகளில் இறந்த 53 இந்து, சீக்கிய வீரர்களைத் தகனம் செய்த இடம். 1921-ல் வேல்ஸ் இளவரசர் வந்து திறந்துவைத்தார். மண்டபம் அழகானது. 53 பேரின் பெயர் மட்டும் அங்கே இல்லை. 2010-ல்தான் ஆணையம் பக்கத்தில் ஒரு கல் நட்டு அந்தப் பெயர்களை வெட்டியது. கிட்டத்தட்ட 90 ஆண்டு.

எரிப்பதா புதைப்பதா என்பதும் இதில் ஒரு சிக்கல். இந்து வீரனை எரித்தார்கள். சாம்பலுக்குக் குழி கிடையாது. குழி இல்லாததால் தனிக் கல்லும் கிடையாது. பெயர் ஒரு தகன நினைவிடத்தின் சுவருக்குப் போகும். கோஹிமாவில் அப்படி 917 பெயர்கள் உண்டு. தனிக் கல் கிடைத்த இந்து வீரர்களுக்கும் அதன் தலையில் நாகரி எழுத்தில் ஒரு வணக்க வரி. அவன் சேலத்துக்காரனாக இருந்தாலும் அதேதான். ஆயிரக்கணக்கான தமிழர்களைப் பட்டாளத்துக்கு எடுத்தவர்களுக்குத் தமிழ் எழுத்து ஒன்று இருப்பது நினைவுக்கு வரவில்லை.

முதல் போரில் இந்தியப் படையிலிருந்து இறந்தவர்கள் சுமார் 74,000 பேர். இரண்டாம் போரில் 87,000 பேர். டெல்லி இந்தியா கேட்டில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. மீதி எங்கே என்று கேட்டால், பதிவேட்டைப் பார் என்பதுதான் நெடுங்காலம் பதிலாக இருந்தது.

2019-ல் டேவிட் லாமி என்ற பிரிட்டிஷ் எம்.பி. ஆப்பிரிக்காவுக்குப் போய் இந்தக் கதையைத் தொலைக்காட்சிப் படமாக எடுத்தார். அதன் பிறகு ஆணையமே ஒரு குழுவைப் போட்டது. 2021 ஏப்ரலில் வந்த அறிக்கை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியது. 45,000 முதல் 54,000 பேர்வரை சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை. இவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள், இந்தியர்கள், எகிப்தியர்கள். பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2025 ஜனவரியில் கேப் டவுனில் 1,700-க்கும் மேற்பட்ட கறுப்பினத் தொழிலாளர் படையினருக்கு, ஆளுக்கொரு மரத்தூண், தூணுக்கொரு பெயர் என்று நினைவிடம் திறந்தார்கள். மன்னிப்புக்கு இது ஒரு தொடக்கம்.

ஒட்டிவாக்கத்துத் தம்பி

மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினரை ராணுவத்தில் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். 1780-ல் தொடங்கிய பிரிவு, தலைமையகம் பெங்களூரில். பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது, மற்றவர்கள் போவதற்கு முன்னால் போவது அவர்கள் வேலை. அதில் சுபேதார் சுப்பிரமணியன் என்று ஒருவர் இருந்தார். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், காஞ்சிபுரம் பக்கம் கீழ் ஒட்டிவாக்கம் ஊர்க்காரர்.

1944 பிப்ரவரி 24. இத்தாலியில் மிக்னானோ என்ற இடம். கண்ணிவெடி அகற்றும் குழுவோடு போய்க்கொண்டிருந்தார். ஒருவன் கால் பட்டு வெடியின் விசை விடுபட்டது. அந்த ரக வெடி உடனே வெடிக்காது. சில விநாடி தாமதித்து மேலெழும்பி நாலாபுறமும் சிதறும். ஓடித் தப்ப ஒருவேளை அந்த விநாடிகள் போதும். என்ன நடக்கும் என்று அங்கிருந்தவர்களில் நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். அதன் மேல் குப்புற விழுந்தார். சுற்றி இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் விருது இறந்த பிறகு வந்தது.

அவரைத் தகனம் செய்தார்கள். அவர் பெயர் இத்தாலியின் சாங்ரோ நதிக்கரைத் தகன நினைவிடத்தில் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பட்டுப் புடவை எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஊர்ப் பெயர் தெரியும் என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்கே நந்தம்பாக்கத்தில் பஞ்சர் ஆன பிறகுதான் தெரியும்.

இவரைப்போல் வெளியூரில் கிடக்கும் தமிழ்ப் பெயர்களின் பட்டியல் நீளம். 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்ற பிரிவு 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா கரையில் இறக்கப்பட்டு அடி வாங்கியது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெயரைத் தாங்கிய படை, தான்சானியாவில். ரங்கூன் அருகே டவுக்யானில் இருக்கும் நினைவிடத்தில் ஏறக்குறைய 27,000 பெயர்கள். அதில் பெரும்பங்கு இந்தியப் பெயர்கள். அங்கே எல்லோருக்கும் பெயர் வெட்டியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டாம் போர் வருவதற்குள் ஆணையத்துக்குக் கொஞ்சம் புத்தி வந்திருந்தது.

சீருடை போடாதவர்களுக்கு அந்தப் புத்தியும் பயன்படவில்லை. சயாம் மரண ரயில் பாதையில் இறந்த போர்க் கைதிகள் சுமார் 13,000 பேர். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் அவர்களில் ஏறக்குறைய 7,000 பேருக்கு வரிசை தவறாத கற்கள். அதே பாதையில் இறந்த ஆசியக் கூலிகள் 80,000 முதல் ஒரு லட்சம் என்று கணக்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏற்றிப் போன தமிழர்கள் அதில் ஏராளம். அவர்களுக்குக் கல்லும் இல்லை, பதிவேடும் இல்லை. 2023-ல் தமிழர்கள் சேர்ந்து காஞ்சனபுரியில் ஒரு நினைவுக் கல் நட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் நடுகல்.

இன்னொரு பக்கம் நின்று செத்த தமிழர்களும் உண்டு. நேதாஜி படையில் சேர்ந்த மலாயா, சிங்கப்பூர்த் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களுக்காக நேதாஜி 1945 ஜூலையில் சிங்கப்பூர் கடற்கரையில் நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். அந்த ஆண்டு முடிவதற்குள் திரும்பி வந்த பிரிட்டிஷ் படை அதை வெடிவைத்துத் தகர்த்தது. செத்தவன் பெயர் கல்லில் நிற்பதற்கு ஆட்சியில் இருப்பவன் அவன் பக்கத்து ஆளாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சி வேண்டியதில்லை. வேலூர்ச் சிப்பாய்க் கிளர்ச்சியில் 1806 ஜூலை 10-ல் கொல்லப்பட்ட 69-ஆவது ரெஜிமென்ட் வெள்ளைச் சிப்பாய்களுக்குக் கோட்டைக்கு எதிரே கல்லறை உண்டு. அதே நாளில் சுட்டுத் தள்ளப்பட்ட நூற்றுக்கணக்கான நம் சிப்பாய்களுக்குத் தூண் எழுப்ப 1998 ஆனது. தூணிலும் ஆளுக்கொரு பெயர் இல்லை.

மரியாதை என்பது என்ன

நவம்பர் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி நந்தம்பாக்கத்தில் நினைவு நிகழ்ச்சி நடக்கும். 1918 நவம்பர் 11 காலை 11 மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்ததன் நினைவு. தூதரக அதிகாரிகள் சட்டையில் சிவப்புப் பாப்பிப் பூ குத்தி வருவார்கள், நம் ராணுவ அதிகாரிகள் மலர் வளையம் வைப்பார்கள், பியூகிள் ஒலிக்கும், இரண்டு நிமிடம் மௌனம். கடற்கரைச் சாலையின் வடமுனையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்திலும் குடியரசு நாள் போன்ற நாட்களில் இதேபோல மலர் வளையம் உண்டு. முதல் போர் வெற்றிக்காக எழுப்பி, பிறகு நம் போர்களில் இறந்தவர்களையும் சேர்த்துக்கொண்ட இடம் அது.

இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் மீதி 364 நாளும் அந்தத் தோட்டக்காரர் குத்துக்காலிட்டு ஓரம் வெட்டிக்கொண்டிருந்தாரே, என் கண்ணுக்கு மரியாதை அதுதான். எழுத்து மங்கினால் மறுபடி வெட்டுகிறார்கள். கல் சாய்ந்தால் நிமிர்த்துகிறார்கள். கல் உடைந்தால் புதுக் கல் வருகிறது, அதே பெயரோடு. தனக்கு எந்த உறவும் இல்லாத, எந்த நாட்டுக்காரன் என்றே யோசிக்காத ஒருவன் காலடியில் தினமும் களை எடுப்பவர் ஒரு சென்னைக்காரர்.

இதே சென்னையில் நம் சொந்தத் தாத்தாக்கள் கிடக்கும் பழைய இடுகாடுகளுக்குப் போய்ப் பாருங்கள். பட்டாளத்திலிருந்து திரும்பி, பென்ஷன் வாங்கி, வயதாகிச் செத்தவர்கள். ராணுவ எண்ணும் பிரிவின் பெயரும் வெட்டிய கற்கள் சில இன்னமும் இருக்கின்றன. கருவேலம் மூடிக் கிடக்கின்றன. சில கற்கள் துணி துவைக்கப் போய்விட்டன. ஆணையத்தின் தேதிக் கணக்குக்குள் வராததால் இவர்களைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இந்த ஆட்களைப் பார்த்துக்கொள்ள ஆங்கிலேயன் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நமக்கு அழகில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்து என்.சி.சி. பிள்ளைகளுக்கு ஒரு சனிக்கிழமை வேலை இது. ஒரு அரிவாள், ஒரு வாளித் தண்ணீர், பெயரைக் குறிக்க ஒரு நோட்டு.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. பட்டாளத்துக்காரர் வீடு என்று ஒரு வீடு இல்லாத ஊர் வட ஆற்காட்டுப் பக்கம் கிடையாது. அந்த வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு மங்கிய படம், ஒரு பதக்கம், மடிப்பில் கிழிந்த டிஸ்சார்ஜ் தாள் கிடக்கும். தாத்தாவோ, தாத்தாவின் அண்ணனோ பர்மாவுக்கோ பாஸ்ராவுக்கோ போய்த் திரும்பவில்லை என்று கிழவிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆணையத்தின் இணையதளத்தில் 17 லட்சம் பெயர்களும் இருக்கின்றன. தேடக் காசு கிடையாது. இந்திய வீரர்களில் பலருக்கு எதிரே இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன ஜில்லா என்றுகூட எழுதியிருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. ஆங்கிலேயக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. முனுசாமியை அவன் ஐந்து விதமாக எழுதியிருப்பான். அப்பா பெயர் முன்னாலும் இருக்கும், பின்னாலும் இருக்கும். ஊர்ப் பெயர் அடையாளமே தெரியாது. முதல் தேடலில் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். எழுத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். கையில் படை எண் இருந்தால் நேராகப் போய்விடலாம்.

அந்தக் கிழவிகளில் ஒருவர் இன்னும் உயிரோடு இருந்தால் அதற்கு முன் அவரிடம் போய் உட்காருங்கள். போனவரின் முழுப் பெயர், அவர் அப்பா பெயர், எந்த வருடம் போனார், எந்தப் பட்டாளம். ஒரு தாளில் எழுதி, இன்றைய தேதியைப் போட்டு, அந்தப் படத்துக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள்.